ஜூனில் பட்டியல், செப்டம்பரில் பரீட்சை

ஜூன் மாதம் பிறந்தால் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளில் 'சம்மர் ரீடிங்' என்று பலகை வைத்த மேசைகள் முளைத்துவிடும். புதிய வெளியீடுகளுக்கு அந்த மேசையில் இடம் குறைவு. 1925-ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி', 1937-ன் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்', 1949-ன் '1984', 1953-ன் 'ஃபாரன்ஹீட் 451', 1954-ன் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்', 1960-ன் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று, எழுதியவர்கள் எப்போதோ காலமாகிவிட்ட புத்தகங்கள்தான் அடுக்கடுக்காக இருக்கும். வாங்க வருகிறவர்களில் ஆசைப்பட்டு வருகிறவர்கள் கொஞ்சம்தான். பள்ளிக்கூடம் கொடுத்த தாளைப் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் வர, காதில் இயர்போனோடு பின்னால் வருவார் பதினைந்து வயதுப் பிள்ளை.

அங்கே உயர்நிலைப் பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. கோடை விடுமுறை ஏறத்தாழ பத்து வாரம். அதற்குள் புத்தகம் ஒன்றோ இரண்டோ படித்துவிட்டு வர வேண்டும் என்று இங்கிலீஷ் டீச்சர் சொல்லியனுப்புவது பல பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்தப் புத்தகத்தில் பரீட்சை, அல்லது கட்டுரை, சில இடங்களில் இரண்டும். வெறுமனே படித்தால் போதாது என்று பக்க ஓரங்களில் குறிப்பெழுதிக் காட்டச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. நோட்டின் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் புத்தகத்திலிருந்து ஒரு வரி, வலது பக்கம் அதைப் பற்றி மாணவர் நினைத்தது என்று பக்கம் பக்கமாக நிரப்பிவரச் சொல்லும் டீச்சர்களும் உண்டு.

லீவிலும் வீட்டுப்பாடமா என்று கோர்ட் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். 2005-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மாணவரும் அவருடைய அப்பாவும் வழக்குப் போட்டார்கள். அது கணக்குப் பாடம் சம்பந்தப்பட்டது என்றாலும், விடுமுறையில் வேலை கொடுக்கப் பள்ளிக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. வழக்கு தள்ளுபடியானது. 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளியின் பக்கமே நின்றது. சட்டம் அவ்வளவு தெளிவு. அந்தப் பிள்ளைகள் நிஜமாகப் படிக்கிறார்களா என்பதில்தான் அரை நூற்றாண்டாகத் தெளிவில்லை.

லீவு வந்த கதை

இவ்வளவு நீண்ட கோடை விடுமுறை எதற்கு என்று கேட்டால், வயலில் அப்பாவுக்கு உதவுவதற்காக அந்தக் காலத்தில் விட்ட லீவு என்று அமெரிக்கர்களே சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை வேறு. கென்னத் கோல்டு என்ற கல்வி வரலாற்றாசிரியர் 2002-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எடுத்துவைத்தார். 19-ம் நூற்றாண்டில் கிராமத்துப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலும் நடந்தன. விதைப்புக்கு வசந்தத்திலும் அறுவடைக்கு இலையுதிர் காலத்திலும்தான் அவை மூடின. நகரத்துப் பள்ளிகளோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் திறந்திருந்தன. 1842-ல் டெட்ராய்ட் நகரப் பள்ளிகள் நடந்தது ஆண்டுக்குச் சுமார் 260 நாள். இன்று பெரும்பாலான மாநிலங்களில் 180 நாள்.

நகரங்களில் கோடை வெயிலில் வகுப்பறைகள் வெந்தன. வசதியான குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பின. ஓயாமல் படித்தால் பிள்ளைகளின் மூளை தளர்ந்துவிடும் என்று அந்தக் கால டாக்டர்கள் பயமுறுத்தினார்கள். ஆசிரியர்களுக்கும் பயிற்சி எடுக்க இடைவெளி வேண்டியிருந்தது. கிராமத்து அட்டவணையையும் நகரத்து அட்டவணையையும் ஒன்றாக்கிய கல்வி அதிகாரிகள் கோடையைக் காலியாக விட்டார்கள்.

காலியான அந்த மாதங்களில் முதலில் நுழைந்தவை நூலகங்கள். 1890-களில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து பொது நூலகத்தில் லிண்டா ஈஸ்ட்மன் என்ற நூலகர் பிள்ளைகளுக்கென்று புத்தகப் பட்டியல் தயாரித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார். பிற்பாடு அந்த நூலகத்துக்கே இயக்குநரானவர் அவர். நூலகங்களின் கோடை வாசிப்புத் திட்டம் இன்று அமெரிக்கா முழுக்க நடக்கிறது: பெயர் கொடுக்கலாம், படித்ததைக் குறித்துக்கொள்ளலாம், பரிசு வாங்கலாம். கட்டாயம் கிடையாது. கட்டாயத்தைக் கொண்டுவந்தது பள்ளிக்கூடம்.

மே மாதப் பரீட்சைக்கு ஜூன் மாத வேலை

உயர்நிலைப் பள்ளியின் பட்டியலில் கெடுபிடி கூடியதற்கு ஒரு முக்கியக் காரணம் ஏ.பி. எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பாடங்கள். கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் இவற்றுக்கு காலேஜ் போர்டு என்ற அமைப்பு நாடு முழுவதும் ஒரே நாளில் தேர்வு வைக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்கத் தேவையில்லை, கட்டணமும் மிச்சம்.

தேர்வு மே மாதத் தொடக்கத்தில். தென்மாநிலப் பள்ளிகள் பல ஆகஸ்ட் முதல் பாதியிலேயே திறந்துவிடுகின்றன. நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் செப்டம்பரில் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் மணி அடிக்கும். தேதி ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் குறைவு. அந்தக் குறையை டீச்சர்கள் மாணவர்களின் ஜூலையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏ.பி. இலக்கியத் தேர்வின் மூன்றாவது கட்டுரைக்கு, மாணவர் தான் படித்த ஒரு நாவலையோ நாடகத்தையோ தானே தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். கையில் நான்கைந்து புத்தகமாவது சரக்கு இல்லாமல் அங்கே உட்கார முடியாது. இந்தத் தேவையால் வாழ்ந்த புத்தகமும் ஒன்று உண்டு. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளிண்ட் வளாகத்தில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்த தாமஸ் ஃபாஸ்டர் 2003-ல் 'ஹவ் டு ரீட் லிட்ரேச்சர் லைக் எ புரொஃபசர்' எழுதினார். கதையில் மழை பெய்தால் என்ன அர்த்தம், நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று சுவாரஸ்யமாகச் சொல்லும் நூல். வேலை, குடும்பம் எல்லாம் பார்த்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வரும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. பிடித்துக்கொண்டவர்கள் ஏ.பி. டீச்சர்கள். இன்று கோடைப் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் பெயர்களில் அது ஒன்று. நாவல் படிக்கும் சுகம் தெரிவதற்கு முன்பே நாவலை அறுத்துப் பார்க்கும் வித்தையைக் கையில் கொடுப்பது சரிதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் பரீட்சைக்கு அது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

பழைய புத்தகங்களே ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? ஆர்தர் ஆப்பிள்பீ என்ற ஆய்வாளர் 1989-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், உயர்நிலைப் பள்ளிகளில் அதிகம் கற்பிக்கப்பட்டவை 'ரோமியோ அண்ட் ஜூலியட்', 'மெக்பெத்', 'ஹக்கிள்பெரி ஃபின்', 'ஜூலியஸ் சீசர்', 'மாக்கிங்பேர்ட்' போன்றவை. அன்றைய பிள்ளைகள் இன்று பெற்றோர்கள். பிள்ளை கொண்டுவரும் பட்டியலைப் பார்த்து 'நானும் இதைத்தான் படித்தேன்' என்பார்கள். படித்தேன் என்று சொல்பவர்களில் எத்தனை பேர் நிஜமாகப் படித்தவர்கள் என்பதற்கு அடுத்த கதையைக் கேட்க வேண்டும்.

மஞ்சள் அட்டையின் மகிமை

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் கிளிஃப்டன் ஹில்லெகாஸ் என்றொருவர் பாடப்புத்தக வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவின் டொராண்டோவில் ஜாக் கோல் என்பவர் மாணவர்களுக்காக 'கோல்ஸ் நோட்ஸ்' என்ற குறிப்புப் புத்தகங்களைப் போட்டுவந்தார். அவரிடம் உரிமை வாங்கி, 4,000 டாலர் கடனோடு 1958-ல் ஹில்லெகாஸ் தன் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களுக்குச் சுருக்கமும் விளக்கமும். மஞ்சளும் கறுப்பும் கலந்த அட்டை. பெயர் கிளிஃப்ஸ்நோட்ஸ்.

நம்மூர் கோனார் உரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், கோனார் உரை பாடநூலுக்குத் துணை. மஞ்சள் அட்டை பல பிள்ளைகளுக்கு நாவலுக்கே மாற்றாகிவிட்டது. மூலத்தைப் படிக்காமல் இதை மட்டும் படிப்பது உங்களையே ஏமாற்றிக்கொள்வது என்ற பொருளில் ஹில்லெகாஸ் தன் கையெழுத்தோடு எச்சரிக்கை அச்சிட்டுத்தான் விற்றார். யார் கேட்டது! ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மஞ்சள் அட்டையைத் தேடி அலைவது அமெரிக்க மாணவர் வாழ்க்கையின் ஒரு பகுதியானது. 1990-களின் கடைசியில் அவர் நிறுவனத்தை விற்றபோது கிடைத்த விலை ஒரு கோடி டாலருக்கும் மேல்.

வாங்கியவர்களுக்கு நிம்மதி நீடிக்கவில்லை. 1999-ல் ஹார்வர்டு மாணவர்கள் சிலர் இணையத்தில் இலவசமாகவே ஆரம்பித்தது ஸ்பார்க்நோட்ஸ். 2001-ல் அதை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? பார்ன்ஸ் அண்ட் நோபிள். 'சம்மர் ரீடிங்' மேசை போட்டு நாவலை விற்ற அதே கடை, நாவலைப் படிக்காமல் தப்பிக்கும் வழிக்கும் முதலாளியானது. வியாபாரத்தில் இதை விடக் கெட்டிக்காரத்தனம் இருக்க முடியாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. சுருக்கம் என்ன, கட்டுரையே தயாராகக் கிடைக்கிறது. இடது பக்க வரி, வலது பக்க அபிப்பிராயம் நோட்டையும் அது நிரப்பித் தரும். கேள்விக்குத் தகுந்தபடி, வகுப்புக்குத் தகுந்தபடி, வேண்டுமானால் இரண்டு எழுத்துப் பிழையோடும். வீட்டிலிருந்து எழுதிவரும் கட்டுரையை நம்பிய டீச்சர்களில் பலர் இப்போது வகுப்பிலேயே பேனா பிடித்து எழுதவைக்கும் பழைய முறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். படித்தாரா என்று கண்டுபிடிக்கும் வேலையை மையமாக வைத்துக் கோடை வாசிப்பை நடத்தினால், டீச்சர் துப்பறிவாளராகத்தான் முடிவார்.

குழாயும் தண்ணீரும்

கோடையில் படிக்காவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்? பள்ளிகள் இதற்கு எடுத்துக்காட்டும் சான்றுகளில் புகழ்பெற்றது பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்கள் கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும் 1982-ல் 20 பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளைப் பின்தொடர ஆரம்பித்து, அவர்கள் பெரியவர்களாகும் வரை விடவில்லை. பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினார்கள். கோடையில்தான் விலகினார்கள். பள்ளி திறந்திருக்கும்போது எல்லார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வருகிறது. மூடியதும் ஏழை வீட்டுக் குழாய் நின்றுபோகிறது என்று அவர்கள் அதை விளக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் இரு தரப்புக்கும் வாசிப்பில் காணப்படும் இடைவெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தொடக்கப் பள்ளிக் கோடைகளில் உண்டானது என்பது 2007-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு.

அதற்கு முன்பே, 1996-ல் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வாசிப்பில் மட்டும் எடுத்துக்கொண்டால், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் கோடையில் கொஞ்சம் முன்னேறவே செய்தார்கள். ஏழைப் பிள்ளைகள் பின்தங்கினார்கள்.

இந்த முடிவுகள் கல்வெட்டு என்று நினைத்திருந்த நேரத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பெல் 2019-ல் குறுக்கே வந்தார். பால்டிமோர் முடிவுகளை நம்பியவர்களில் அவரும் ஒருவர். பழைய தேர்வுகளில் மதிப்பெண் போட்ட விதத்தை மாற்றிக் கணக்கிட்டால், கோடையில் இடைவெளி விரிகிறது என்ற முடிவே ஆட்டம் காண்கிறது என்றார். இடைவெளியின் பெரும்பகுதி, பிள்ளைகள் பள்ளியில் காலடி வைப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது என்பது அவர் வாதம். விவாதம் இன்னும் ஓயவில்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சின்னப் பிள்ளைகளை வைத்து நடந்தவை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் எட்டு வயதுக் குழந்தைக்குக் கோடையில் புத்தகம் எட்டாமல் போவதும், பதினேழு வயது மாணவருக்கு 'தி ஸ்கார்லெட் லெட்டர்' கொடுத்துக் குறிப்பெழுதச் சொல்வதும் ஒரே விஷயமல்ல. முதலாவதற்குக் கிடைத்த சான்றைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துவது பள்ளி நிர்வாகங்களின் வாடிக்கை.

தொடக்கப் பள்ளி ஆய்வுகளில் உயர்நிலைப் பள்ளிகளும் பாடம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. டென்னசி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் புளோரிடாவில் ஏழைகள் அதிகம் படிக்கும் 17 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுமுறைக்கு முன் புத்தகக் கண்காட்சி மாதிரி பரப்பிவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த 12 புத்தகங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இலவசம், திருப்பித் தர வேண்டாம். மூன்று கோடைகள் தொடர்ந்து இப்படி. பரீட்சை இல்லை, கட்டுரை இல்லை. பிள்ளைகள் அள்ளியதில் இலக்கியம் அதிகமில்லை. பாட்டு, டிவி, சினிமா நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்களுக்குத்தான் கிராக்கி. மூன்றாண்டு முடிவில் அவர்களின் வாசிப்பு மதிப்பெண், புத்தகம் பெறாத பிள்ளைகளைவிடக் கூடியிருந்தது. கோடை வகுப்புக்கு அனுப்பினால் கிடைக்கும் பலனுக்கு ஈடான பலன் என்று 2010-ல் வெளியான ஆய்வில் எழுதினார்கள். கோடை வகுப்பு நடத்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 12 பேப்பர்பேக் ஒரு செலவே இல்லை.

பட்டியலுக்கு வந்த வம்பு

எந்தப் புத்தகத்தைப் பட்டியலில் போடுவது என்பதும் அங்கே அரசியல். வகுப்பில் நடத்தும் நாவலுக்கு விளக்கம் சொல்ல டீச்சர் பக்கத்திலேயே இருப்பார். கோடைப் பட்டியலின் புத்தகமோ நேரே வீட்டு மேசைக்குப் போகிறது; அம்மாவோ அப்பாவோ எடுத்துப் புரட்டுகிறார்கள்.

2014-ம் வருஷக் கோடை இதற்கு நல்ல உதாரணம். டெலவேர் மாநிலத்தில் கேப் ஹென்லோபன் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர்கள் தேர்ந்தெடுத்துப் படிக்கக் கொடுத்த பட்டியலில் எமிலி டான்ஃபோர்த்தின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் கேமரன் போஸ்ட்' இருந்தது. தன்பால் ஈர்ப்புள்ள பதின்வயதுப் பெண்ணின் கதை. கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன என்று சொல்லிப் பள்ளி வாரியம் அதை நீக்கியது. அதே வார்த்தைகள் பட்டியலின் மற்றப் புத்தகங்களிலும் இருக்கின்றனவே என்று எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். வாரியம் யோசித்தது. நீக்கிய புத்தகத்தைத் திரும்பச் சேர்த்தது. பிறகு அந்தக் கோடைக்கான முழுப் பட்டியலையுமே ரத்து செய்துவிட்டது. அந்த வருஷம் அங்கே பிள்ளைகளுக்கு நல்ல காலம் என்று சிரிக்கலாம். பட்டியல் போட்ட டீச்சர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அதே கோடையில் புளோரிடாவின் பென்சகோலா நகரில் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி முழுவதும் ஒரே நாவலைப் படிப்பதாக ஏற்பாடு: கோரி டாக்டரோவின் 'லிட்டில் பிரதர்'. கம்ப்யூட்டர் கைவந்த பிள்ளைகள் அரசின் கண்காணிப்பை எதிர்த்து நிற்கும் கதை. தலைமையாசிரியர் ஏற்பாட்டை நிறுத்தினார். அதிகாரத்தைக் கேள்வி கேட்பதை இந்த நாவல் நல்லதாகக் காட்டுகிறது என்பது அவருடைய ஆட்சேபம் என்று டாக்டரோவ் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், பதிப்பகத்தோடு சேர்ந்து 200 பிரதிகளைப் பள்ளிக்கு இலவசமாக அனுப்பிவைத்தார். தடை போட்டால் பதினாறு வயதுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

2018-ல் தென் கரோலினாவின் வாண்டோ உயர்நிலைப் பள்ளிக்கு எதிர்ப்பு வந்தது போலீஸ்காரர்களிடமிருந்து. கறுப்பினப் பிள்ளைகள் மீது போலீஸ் நடத்தும் வன்முறையைப் பேசும் ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்', ஜேசன் ரெனால்ட்ஸும் பிரெண்டன் கைலியும் சேர்ந்து எழுதிய 'ஆல் அமெரிக்கன் பாய்ஸ்' ஆகிய இரண்டும் பட்டியலில் இருந்தன. இவை பிள்ளைகள் மனதில் போலீஸ் மீது அவநம்பிக்கையை விதைக்கும் என்று அந்த வட்டாரத்துக் காவலர் சங்கம் குரல் எழுப்பியது.

பழைய புத்தகங்கள் மட்டும் தப்பித்துவிட்டனவா? புத்தகங்களைக் கொளுத்தும் அரசைப் பற்றியது ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. அந்த நாவலுக்கே அதன் பதிப்பகம் 1967-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனிப்பதிப்பு கொண்டுவந்து, வசவுச் சொற்களையும் வேறு சில இடங்களையும் சேர்த்து 75 இடங்களில் கத்திரி வைத்தது. ஆசிரியரிடம் சொல்லவில்லை. 1979-ல்தான் விஷயம் அவர் காதுக்கு எட்டியது. கொதித்துப்போய், அந்தப் பதிப்பை நிறுத்தி முழு நாவலையும் திரும்பக் கொண்டுவரச் செய்தார். அதுவரை எத்தனையோ மாணவர்கள் தணிக்கைக்கு எதிரான நாவலைத் தணிக்கை செய்த வடிவத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருந்தார்கள்.

புத்தகத்துக்குக் காசு யார் தருவது?

வகுப்பில் நடத்தும் நாவலைப் பல அரசுப் பள்ளிகள் தங்கள் அலமாரியிலிருந்து கொடுக்கும். கோடைப் புத்தகத்தைப் பல இடங்களில் மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். 2016-ல் ஹார்ப்பர் லீ மறைந்த சில வாரங்களில், 'மாக்கிங்பேர்ட்' நாவலின் 8.99 டாலர் மலிவுப் பதிப்பு இனி வராது என்று செய்தி வந்தது. அவருடைய சொத்துப் பொறுப்பாளர்களின் முடிவு அது. அடுத்து மலிவாகக் கிடைத்த பேப்பர்பேக் 14.99 டாலர். பள்ளிகளுக்குத் தள்ளுபடி உண்டு என்று பதிப்பகம் சமாதானம் சொன்னது. பள்ளி மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. தனியாகக் கடைக்குப் போகும் பிள்ளைக்கு முழு விலை. இதற்கு நேர் எதிராக, 2021 ஜனவரி முதல் தேதி 'கேட்ஸ்பி' அமெரிக்காவில் காப்புரிமையிலிருந்து விடுபட்டது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

நூலகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஊரிலுள்ள 400 பேர் ஒரே புத்தகத்தை ஒரே ஆகஸ்டில் கேட்டால் எந்த நூலகம் தாங்கும்? லிபி செயலியில் மின்நூலாக எடுக்கலாம் என்றால், நூலகம் வாங்கிவைத்த ஒவ்வொரு பிரதியும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே. மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பக்க ஓரத்தில் குறிப்பெழுதிவா என்கிறார் டீச்சர். நூலகப் புத்தகத்தில் கிறுக்க முடியுமா? சொந்தப் பிரதி வாங்க முடிந்த பிள்ளை பேனாவால் எழுதுகிறது. முடியாத பிள்ளை மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி எழுதி, மதிப்பெண் வாங்கியதும் உரித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தருகிறது. குழாய்க் கதை சொன்ன பால்டிமோர் ஆய்வை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே இப்படி ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளியை என்னவென்று சொல்வது!

பிடித்ததைப் படி

அமெரிக்கப் பிள்ளைகள் சந்தோஷத்துக்காகப் படிப்பது வேகமாகக் குறைந்துவருகிறது என்பதை அரசின் கணக்கே சொல்கிறது. தேசியக் கல்வி மதிப்பீட்டில், தன் விருப்பத்துக்காக ஏறக்குறைய தினமும் படிப்பதாகச் சொன்ன 13 வயதுப் பிள்ளைகள் 2012-ல் 27 சதவீதம். 2020-ல் 17 சதவீதம். 2023-ல் 14. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்தும் நிக்கலஸ் டேம்ஸ், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முழுப் புத்தகத்தைக்கூடப் படிக்கச் சொல்லவில்லை என்று ஒரு மாணவி தன்னிடம் சொன்னதாக 2024-ல் 'தி அட்லாண்டிக்' இதழில் வந்த கட்டுரையில் தெரிவித்தது பெரிய பேச்சானது.

செல்போன்தான் குற்றவாளி என்று முடித்துவிடுவது சுலபம். டீச்சர்கள் சிலர் அப்படி முடிக்கவில்லை. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி இங்கிலீஷ் டீச்சராக இருந்த கெல்லி கேலகர் 2009-ல் எழுதிய 'ரீடிசைட்' என்ற நூலில், வாசிக்கும் ஆசையைக் கொல்வது பள்ளிகளேதான் என்று குற்றம் சாட்டினார். புத்தகத்தைத் துண்டு துண்டாக்கிக் கேள்வி, குறிப்பு, தேர்வு என்று போட்டு வதைத்தால் யாருக்குப் படிக்கத் தோன்றும் என்பது அவர் கேள்வி. அவரும் கடினமான நாவல்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்கு வகுப்பும் டீச்சரும் தேவை என்கிறார். நியூ ஹாம்ப்ஷயரில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய பென்னி கிட்டில் 2013-ல் 'புக் லவ்' எழுதினார். படிக்காமலே வகுப்புகளைத் தாண்டிவரும் மாணவர்களிடம் அவர்களுக்குப் பிடிக்கக்கூடிய புத்தகத்தைத் தேடிக் கொடுத்து, அங்கிருந்து படிப்படியாகக் கனமான நூல்களுக்கு ஏற்றிக்கொண்டு போவது அவர் வழி.

இவர்கள் போன்றவர்களின் செல்வாக்கால் பட்டியல்களின் முகம் மாறிவருகிறது. பல பள்ளிகளில் இப்போது ஒரே புத்தகம் என்ற கட்டாயம் போய், நீண்ட பட்டியலில் ஏதாவது ஒன்று என்று வந்திருக்கிறது. சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்', சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்', காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்', வங்காளிக் குடும்பத்தைப் பற்றிய ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' எல்லாம் இடம்பிடித்திருக்கின்றன. சென்னையில் பிறந்து ரோட் ஐலண்டில் வாழும் பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' நாவல், சென்னையில் ஒரு பாலத்தில் தங்கி வாழும் பிள்ளைகளின் கதை. 2019-ல் பல நாட்டு வகுப்பறைகள் ஒரே சமயத்தில் வாசிக்கும் குளோபல் ரீட் அலவுட் திட்டத்துக்குத் தேர்வானது. அது கொஞ்சம் இளைய வயதினருக்கானது என்றாலும், கலிபோர்னியாவிலோ டெக்சாஸிலோ வளரும் தமிழ்ப் பிள்ளை தன் தாத்தா பாட்டி ஊரின் சாலைகளைப் பள்ளிப் புத்தகத்தில் காண்பது சின்ன விஷயமில்லை.

அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இந்தப் பட்டியல் ஒரு புதிர். ஜூன், ஜூலையில்தான் ஊருக்கு வருவார்கள். பெட்டியில் புளியோதரைப் பொடிக்கு இடம் ஒதுக்கித் திரும்புகிற வழியில், விமானத்தில் பதினாறு மணி நேரம் பிள்ளை 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' படித்து முடித்துவிடும் என்று நம்புவார்கள். ஏ.பி. மதிப்பெண்ணில் குறியாக இருக்கும் வீடுகளில் கோடை வாசிப்பும் இன்னொரு டியூஷனாக மாறிவிடும் அபாயம் இருக்கிறது.

பட்டியல் போடுவதில் தவறில்லை. பத்து வார இடைவெளியில் ஒரு நாவலாவது பிள்ளையின் கண்ணில் படட்டும் என்று ஒரு டீச்சர் நினைப்பது நல்ல எண்ணம்தான். பட்டியலைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுக்காமல் விடுவதும், செப்டம்பரில் துப்பறியும் பரீட்சை வைப்பதும்தான் அந்த எண்ணத்தைக் கெடுக்கின்றன. புளோரிடா ஆய்வு காட்டிய வழி எளிது: பிள்ளை எடுக்கட்டும், பள்ளி கொடுக்கட்டும், பேச வேண்டியதைத் திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்து பேசட்டும்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் இரண்டு இருக்கிறது. உள்ளூர் நூலக அட்டை இலவசம். பட்டியல் கையில் வந்த அன்றே புத்தகத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள், ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். பட்டியலில் இருந்த புத்தகம் உங்கள் ஊரில் விலக்கப்பட்டிருந்தால், புரூக்ளின் பொது நூலகம் 2022-ல் தொடங்கிய 'புக்ஸ் அன்பேண்டு' திட்டத்தில் 13 முதல் 21 வயது வரை உள்ளவர்கள் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் மின்நூல் அட்டை கேட்கலாம். இரண்டாவது, பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டம். கோடைப் புத்தகங்களைப் பள்ளியே வாங்கிக் கொடுக்க எவ்வளவு ஆகும் என்று அங்கே எழுந்து கேளுங்கள். பள்ளியின் அடுத்த ஆண்டு பட்ஜெட் முடிவாவதற்கு முன்பே, வசந்த காலக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.